ரின்னில் நடும் புதினா

"காணியே இல்லை, இதற்குள் புதினா ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு எழும்பிய குடும்பங்கள் வெங்காயமும் புகையிலையும் வாழையும் பரப்புக் கணக்கில் செய்தவர்கள். அவர்களிடம் போய்ப் பால்மா ரின்னில் ஒரு செடி வையுங்கள் என்றால் கோபம் வரத்தான் செய்யும். 2009இன் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. ஆனாலும் இன்னும் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வீட்டுத்தோட்டம் காணிக்கு ஈடாகாது. நாலு ரின் செடியைக் காட்டி, "இவர்கள் இங்கேயே வாழப் பழகிவிட்டார்கள்" என்று எந்த அதிகாரியும் அறிக்கை எழுத நாம் இடம் கொடுக்கக் கூடாது.

அப்படியிருந்தும் புதினாவை நடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறர் காணியில் கொட்டில் போட்டிருப்பவர் மாங்கன்று வைக்கத் தயங்குவார். அது காய்க்கும்போது தான் எங்கே இருப்பாரோ தெரியாது; காணிக்காரரும் விரும்பமாட்டார். புதினாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, விதையும் வேண்டாம். சந்தையில் மின்சி என்று விற்கும் பிடியிலேயே முற்றிய தண்டுகள் நாலைந்தைத் தெரிந்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, போத்தல் தண்ணீரில் நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் வேர் விடும்.

இதன் தண்டு பக்கவாட்டில் ஓடுவதால் ஆழமான ரின்னை விட அகலமான பாத்திரம் நல்லது. உடைந்த பேசின், நீளப்பாட்டில் வெட்டிய எண்ணெய்க் கான் எல்லாம் உதவும். அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய எருவும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். வன்னி வெயிலுக்கு நடுப்பகல் நிழல் கட்டாயம். காலை வெயில் போதும். அரிசி கழுவிய தண்ணீர் விடலாம், சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். நிலத்தில் நேரே நட்டால் பக்கத்துக் கீரைப் பாத்தியையும் பிடித்துவிடும். இலையின் கீழ்ப்புறம் செம்மஞ்சள் பொட்டுகள் கண்டால் அது துரு நோய். அந்தத் தண்டுகளை அடியோடு வெட்டி எரியுங்கள். எருக்குழியில் போட வேண்டாம்.

நிவாரண மாவில் ரொட்டி சுட்டுச் சுட்டு அலுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பிடி புதினாவை, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்புடன் அரைத்துத் தேசிக்காய் பிழிந்தால் அதே ரொட்டி பிள்ளைகளின் வாய்க்குள் இறங்கும். பச்சையாக அரைப்பதென்றால் கொதித்து ஆறிய நீரில் இலையைக் கழுவுங்கள். முகாம் கிணறுகளை நம்ப முடியாது. பிளேன்ரீயில் இரண்டு இலை போட்டால் சாப்பாட்டுக்குப் பின் வரும் வயிற்றுப் பொருமலுக்குச் சற்று ஆறுதல்.

அதற்கு மேல் மருந்தென்று நம்ப வேண்டாம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் கொடுக்க வேண்டியது ஜீவனி, நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. புதினா எண்ணெயைக் கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ பூசவே கூடாது. மூச்சுத் திணறல் வரலாம். வாசலில் புதினா வைத்தால் நுளம்பு வராது என்பதும் வெறும் கதை. வலையைக் கழற்றாதீர்கள்.

இடம் மாற நேர்ந்தால் வேரோடு ஒரு பிடி தண்டை ஈரச் சாக்கில் சுற்றினால் பயணத்தைத் தாங்கும். சொந்தக் காணிக்குத் திரும்புகிறவர்களுக்கும் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, முதல் மரக்கறி பிடுங்கும்வரை அடுப்படிக்கு இது ஒரு பச்சை. போகும்போது வேரில் பாதியைப் பக்கத்துக் கொட்டிலுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். மிஞ்சியது ஒரு மாதத்துக்குள் மீண்டும் பரந்துவிடும்.