கோடு போட்டது யார்?



தேர்தல் வந்தால் எங்க தெருச் சுவருக்கும் வெள்ளையடிச்சு சின்னம் எழுதுறாங்க. ஊர்ச் சுவரில் இருக்கிற அதே சின்னங்கள்தான். கட்சி ஊரையும் சேரியையும் ஒன்றாக்கிவிட்டது என்கிறார்கள். ஒரே கொடி பிடித்தவர்களுக்கு டீக்கடையில் ரெட்டை கிளாஸ் வைத்திருந்த காலத்திலும் இதையேதான் சொன்னார்கள்.

பிளவு இருப்பதாலேயே அது கட்சியாகிவிடாது. கட்சிகள் பிறக்கும்போது ஓட்டு யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். 1960களின் ஐரோப்பியக் கட்சிகள் பெரும்பாலும் 1920களின் பிளவுகளிலேயே உறைந்து நிற்கின்றன என்று 1967இல் லிப்செட்டும் ரொக்கானும் எழுதினார்கள். அங்கே சங்கமும் ஓட்டும் தொழிலாளி கைக்கு வந்ததால் முதலாளி–தொழிலாளி பிளவு கட்சியானது.

இங்கே 1916இல் பிராமணர்–பிராமணரல்லாதார் என்று கோடு விழுந்தது. அந்தக் கோடு பொய்யல்ல. ஆனால் 1920 மாகாணத் தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு, சேரிக்கு நியமனம்தான். 1923இல் எம்.சி.ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். அம்பேத்கர் வாதாடிப் பெற்ற தனி வாக்காளர் தொகுதியும் 1932இல் காந்தியின் உண்ணாவிரதத்துக்கு முன் பறிபோனது. 1952 தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு வந்தபோது பழைய கோடுகள் காய்ந்து இறுகிவிட்டன. ஊர்–சேரி என்ற கோடு ஓட்டுச்சீட்டுக்கு வரவேயில்லை.

தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர். ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு. அப்புறம் அவர் எப்படி வாய் திறப்பார்?

மூடிவைத்த பிளவு அரிவாளோடு வெளியே வந்தது. பஞ்சாயத்துத் தலைவரானதற்காக 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் எவரையும் நிலைக்க விடவில்லை. எதிரே நின்றது ஏதோ ஒரு கட்சியல்ல, ஊர். எல்லாக் கட்சிக்காரனும் அந்த ஊருக்குள் இருந்தான்.

1999இல் விடுதலைச் சிறுத்தைகள் தேர்தலுக்கு வந்ததும், அரசியலில் சாதியைப் புகுத்துறாங்கன்னு கூச்சல். சேரியை ஊருக்கு வெளியே வைத்தவனிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?

நமக்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. கூட்டணியில் கிடைக்கும் சில இடங்களுக்காக நம் கட்சிகளும் வாயை மூடிக்கொண்டால், சுவரில் இன்னொரு சின்னம் கூடும், வேறொன்றும் நடக்காது. ஆகவே ஓட்டு கேட்டு யார் வந்தாலும், நம்மாளே வந்தாலும், நான் கேட்பது ஒன்றுதான்: சுடுகாட்டுப் பாதைக்கும் பஞ்சாயத்து நாற்காலிக்கும் ஊரை எதிர்த்து எங்களோடு நிற்பியா?

பதில் சொல்லாத சின்னத்துக்கு நம்ம சுவர் எதுக்கு?