நாலு பாட்டிலும் ஒரு மண்சட்டியும்

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்த நண்பர் இப்போது லண்டனில் வேலை பார்க்கிறார். போன முறை பேசும்போது கேட்டார்: "வீட்டிலேயே ஒயின் ருசி பார்க்கிற பார்ட்டி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். எளிமையா, ஆனா கொஞ்சம் ஸ்டைலா. நம்ம அரசியலுக்கு இது ஒத்து வருமா தோழர்?"

சிரிக்க வேண்டாம். அந்தக் கேள்வியில் இருக்கிற கூச்சத்தைப் பாருங்கள். ஆதிக்க சாதியில் பிறந்தவன் எவனும் கிளாஸைத் தூக்கும் முன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வெள்ளைச் சட்டை போட்டால்கூட 'பார்றா இவன' என்கிற பார்வையில் அடிபட்டு வளர்ந்தவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. இன்னொரு பக்கம், குடி நம் தெருக்களில் எத்தனை வீடுகளைத் தின்றது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே நேராகவே பதில் சொல்வோம்.

அழகாக வாழ்வது அவர்களின் குத்தகை அல்ல. கோட்டும் சூட்டும் போட்ட அம்பேத்கரைச் சிலையாக நிறுத்துகிற நமக்கு ஸ்டைலும் அரசியல்தான் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பார்ட்டியை வையுங்கள் தோழர். ஆனால் எப்படி வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு ரகசியமும் இல்லை. ஒயின்ஷாப் என்று போர்டு மாட்டி பிராந்தியும் ரம்மும் விற்ற ஊர்க்காரர்கள் நாம், அதனால்தான் பெரிய வித்தை போலத் தெரிகிறது. எட்டுப் பேர், நாலு பாட்டில். ஒரு பாட்டிலில் 750 மில்லி. ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் 400தான் ஆகும், மிச்சம் பிறகு சாப்பாட்டுக்கு. வெள்ளை முதலில், சிவப்பு பின்னால். வெள்ளையைக் குளிர வையுங்கள். கிளாஸைச் சுழற்றி, மோந்து பார்த்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். நடுநடுவே தண்ணீரும் வெறும் ரொட்டியும். தோன்றியதை எழுத ஆளுக்கொரு தாள். அவ்வளவுதான்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். இதை அழுத்திச் சொல்கிறேன். டீக்கடையில் தனிக் குவளையை நாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த ஜனம் நாம். குடிக்காத நண்பருக்கும் அதே கிளாஸில் திராட்சைச் சாறு. குடிக்கிறவன் மட்டும்தான் நவீனமானவன் என்ற திமிர் அந்த மேசைக்கு வரக்கூடாது.

இன்னொரு பாத்திரமும் வேண்டும். துப்புவதற்கு. ருசி பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். போதை ஏறினால் ருசி தெரியாது. அங்கே துப்புவது கௌரவம். பேஷ்வாக்களின் பூனாவில் நம் ஆட்கள் எச்சில் மண்ணில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். எச்சில் ஒன்றுதான். யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்து அது நாகரிகமாகிறது, அல்லது தீட்டாகிறது. என் நண்பருக்குச் சொன்னேன்: வெள்ளிக் கிண்ணம் வாங்காதே, ஒரு மண்சட்டியை மேசை நடுவில் வை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்.

அடுத்தது முக்கியம். பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே எண் மட்டும் போடுங்கள். லேபிள் தெரியக்கூடாது. 1976 மே 24ஆம் தேதி பாரிஸில் இதைத்தான் செய்தார்கள். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பிரெஞ்சு நிபுணர்களைக் கூப்பிட்டு, பிரெஞ்சு ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் பேர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தார். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்குப் போனது. பரம்பரைப் பெருமை பேசிய நாக்குகளுக்குச் சொந்த ஊர்ச் சரக்கே அடையாளம் தெரியவில்லை. 2001இல் வெளியான போர்தோ ஆய்வு இன்னும் மோசம். வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். ஒயின் படிப்பு படிக்கிறவர்கள், சிவப்பு ஒயினுக்கே உரிய வார்த்தைகளால் அதை வர்ணித்தார்கள். கண் சொன்னதை நாக்கு ஒப்பித்தது. பிறப்பைப் பார்த்துவிட்டுத் தரத்தைக் கண்டுபிடிக்கிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன?

இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடலாம். முடிக்கக் கூடாது. ஏனென்றால் லேபிளை மூடு என்பது நம் எதிரிகளின் கோஷமும்கூட. 1990இல் மண்டலை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் சொன்னதும் இதுதானே: சாதியைப் பார்க்காதே, தகுதியைப் பார். பாரிஸ் மேசையில் இருந்தவை 20 பாட்டில்கள். 12 கலிஃபோர்னியா, 8 பிரான்ஸ். மேசைக்கு வந்த பாட்டில்களுக்குள்தான் நியாயமான போட்டி. எது மேசைக்கு வரும் என்பதை முடிவு செய்கிற நிலம், மூலதனம், கப்பல், படிப்பு இதையெல்லாம் எந்தச் செய்தித்தாளும் மூடிச் சரிசெய்யாது. எனவே ருசி பார்க்கும்வரை லேபிளை மூடுங்கள். பார்த்து முடித்ததும் திறந்து, அதில் எழுதாமல் விட்டதைப் படியுங்கள்.

என் நண்பர் வாங்கி வைத்திருந்த நாலும் தென்னாப்பிரிக்க ஒயின். கேப் பகுதியில் டச்சுக்காரன் முதல் ஒயினைப் பிழிந்தது 1659இல். பிழிந்த கைகள் அடிமைகளுடையவை. மடகாஸ்கரிலிருந்து, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து, வங்காளத்திலிருந்து, மலபாரிலிருந்து, நம் சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்தும் வாங்கியும் கொண்டுபோகப்பட்டவர்கள். கேப் பதிவேடுகளில் அவர்களுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. எவனோ வைத்த ஒரு பேர், பக்கத்தில் 'ஃபான் கொரமண்டல்'. சோழமண்டலத்திலிருந்து வந்தவன், வந்தவள். அவ்வளவுதான் விலாசம்.

அடிமைமுறை 1834இல் ஒழிந்தது என்றார்கள். பயிற்சிக்காலம் என்ற பேரில் 1838 வரை இழுத்தார்கள். பிறகும் தோட்ட முதலாளிகள் கூலியின் ஒரு பகுதியை மட்டரக ஒயினாகவே கொடுத்தார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை. 'டோப்' முறை என்று அதற்குப் பேர். உழைத்தவன் கையில் காசு நிற்காது, காலும் நிற்காது, தோட்டத்தை விட்டும் போக முடியாது. 1960களில் சட்டம் தடுத்தது, ஆனாலும் 1990கள் வரைக்கும் சில தோட்டங்களில் ஓடியது. தாயின் கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கிற குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் மேற்கு கேப்பும் ஒன்று. ஒரே திராட்சை. ஒருத்தனுக்கு ரசனை, ஒருத்தனுக்கு விலங்கு.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2011இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது: பாதுகாப்பில்லாமல் பூச்சிமருந்து, கழிப்பிடம் இல்லை, குடிதண்ணீர் இல்லை, எப்போதும் தலைக்கு மேல் வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் மிரட்டல். 2012இல் டி டோர்ன்ஸ் என்ற திராட்சை ஊரில் கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். நாள் கூலி 69 ரேண்ட், கேட்டது 150. போராட்டம் மற்ற பண்ணைகளுக்கும் பரவியது. 2013 மார்ச்சிலிருந்து 105 ரேண்ட் என்று அரசு உயர்த்த வேண்டியதாயிற்று. கீழவெண்மணியில் அரைப்படி நெல்லுக்குக் கொடுத்த விலை தெரிந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். 2001இல் இதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில்தான், இந்திய அரசின் எதிர்ப்பையும் மீறி நம் தோழர்கள் சாதியை உலகத்தின் முன் வைத்தார்கள்.

அப்போ குடிக்கவே கூடாதா என்றார் நண்பர். அதை நான் சொல்லவில்லை. புறக்கணித்தால் முதலில் வேலை போவது அந்தக் கூலிக்குத்தான். என்ட்சிகி பியேலா என்று ஒரு ஜூலு பெண். கிராமத்திலிருந்து உதவித்தொகையில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துக்கு ஒயின் தயாரிப்பு படிக்கப் போனபோது, ஒயினை அவர் வாயில் வைத்ததே இல்லை. அந்த நாட்டில் ஒயின் தயாரிப்பாளராக உயர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். இப்போது தன் பாட்டியின் பெயரான 'அஸ்லினா'வையே லேபிளில் போட்டுச் சொந்தமாக ஒயின் செய்கிறார். சோழமண்டலம் என்று மட்டும் எழுதப்பட்டவர்களின் வரிசைக்கு எதிரே ஒரு பாட்டியின் பேர். மூடி வைத்த லேபிளால் கிடைத்ததல்ல அது. தங்கள் பேரை எழுதுகிற உரிமையால் கிடைத்தது.

ஆக, தோழர்களே, விருந்து வைக்கிறவர்கள் வையுங்கள். நாலில் ஒன்றாவது அப்படிப்பட்ட பாட்டிலாக இருக்கட்டும். தாளில் மணம், ருசி, நிறம் என்று மூன்று கேள்வி போடுவீர்கள். நாலாவதாக ஒன்று சேருங்கள்: இதைப் பறித்தவளுக்கு என்ன கூலி? பதில் தெரியவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, கடைக்காரனிடமும் கம்பெனிக்காரனிடமும் கேளுங்கள். அந்தக் கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். மேசை நடுவில் மண்சட்டி எதற்கு இருக்கிறது?