சருகுக்குள் கிடக்கும் கூடு

செம்பனைத் தோட்டத்து உறவுகளே! பெரட்டு முடிந்து நிரைக்குள் இறங்கும்போது மரத்தடிச் சருகைக் காலால் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். சுண்டைக்காய் அளவில், பழுப்பு நிறத்தில், கெட்டியான உருண்டைக் கூடுகள் சில சமயம் கிடைக்கும். ஏதோ விதை என்று மிதித்துவிட்டுப் போகிறோம். மட்டையில் கை பட்டால் நெருப்பாய்ச் சுடுமே, மலாய்க்காரர்கள் ‘உலாட் பெலுஞ்சாஸ்’ என்பார்களே, அந்த முள்ளுப்புழுதான் தின்று முடித்துக் கீழே இறங்கி இப்படிப் படுத்துக்கிடக்கிறது.

சில வாரம் போனால் கூட்டின் மூடியைத் தள்ளிக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வரும். பகலில் அசையாது, இருட்டினால்தான் பறக்கும். லயத்து விளக்கைச் சுற்றுகிற மண்ணிறப் பூச்சிகளில் இதுவும் உண்டு. தீனி தின்னாது, சில நாள்தான் ஆயுசு. அதற்குள் மட்டையின் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிடும்.

புழு கண்ணில் பட்டதும் ‘மருந்தடி’ என்று உத்தரவு வருகிறது. பம்பைத் தோளில் சுமப்பவர்கள் நம் அக்கா தங்கைகளும், நம்மோடு வேலை செய்யும் அயல்நாட்டுத் தோழர்களும். மட்டையில் இருக்கும் புழு சாகும், சரி. சருகுக்கடியில் ஓடு போட்டுக் கிடப்பதை மருந்து என்ன செய்யும்? புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகள்தான் சேர்ந்து சாகின்றன. பிறகு கூட்டிலிருந்து வரும் பூச்சிக்கு எதிரியே இல்லை!

இது நாங்கள் கட்டிய கதையல்ல. 1960-ஆம் ஆண்டுகளையொட்டி இந்நாட்டுச் செம்பனையில் கண்டபடி விஷம் அடித்ததால் புழு குறையாமல் பெருகியதை, பி. ஜே. உட் என்பவர் 1968-இல் எழுதிய நூலில் காட்டினார். அதை வெளியிட்டது தோட்டத் துரைமார்களின் சங்கமேதான். குளவிக்குத் தேன் கிடைக்கட்டும் என்று பல தோட்டங்கள் பாதையோரம் பூச்செடி நடுகின்றன. ஒரு கையால் செடியை நட்டு, மறு கையால் விஷம் தெளிப்பது என்ன கணக்கு?

முதலில் மட்டையை இறக்கிப் புழுவை எண்ணட்டும். கொஞ்சமாக இருந்தால் குளவி பார்த்துக்கொள்ளும். அதிகமானால் புழுவை மட்டும் நோயில் வீழ்த்தும் பாக்டீரியா மருந்து இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

விஷம்தான் அடித்தாக வேண்டும் என்றால் கையுறை, முகமூடி, பூட்ஸ் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. அதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம். யாருக்காவது சம்பளத்தில் பிடித்திருந்தால், சம்பளச் சீட்டோடு கிளைச் செயலாளரைப் போய்ப் பாருங்கள்.