ஸ்ரீதேவி வேலைக்குப் போன வயது

சிவகாசியை ஒட்டிய மீனம்பட்டியில் 1963 ஆகஸ்ட் 13 அன்று பிறந்தவர் ஸ்ரீதேவி. 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெற்றது: நான்கு வயதிலேயே நடிக்க வந்தவர். பெருமையாகச் சொல்லப்பட்ட வரி அது. அதே வட்டாரத்தில் பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் யாரும் அப்படிப் பெருமையோடு எழுத மாட்டோம். குழந்தைத் தொழிலாளி என்போம், வெட்கப்படுவோம், அதிகாரிகளைக் கேள்வி கேட்போம். ஸ்ரீதேவியும் குழந்தைத் தொழிலாளிதான். அப்படிச் சொல்வதால் அவருடைய புகழில் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. இன்றைக்குக் கேமரா முன்னால் நிற்கும் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படங்களின் வரிசையை வயதோடு சேர்த்துப் பார்த்தால் போதும். சின்னப்பா தேவரின் 'துணைவன்' 1969 ஜூலையில் வெளியானது. அதில் பால முருகனாக நின்ற ஸ்ரீதேவிக்கு அப்போது ஆறு வயது நிறையவில்லை. அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் 'நம் நாடு', 1971-ல் சிவாஜியின் 'பாபு'. மலையாளத்தில் 'பூம்பாட்டா' அவருக்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றுத் தந்தது. தெலுங்கு, கன்னடம் என்று மொழி மாறி மொழி வேலை. பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' 1976 அக்டோபரில் வந்தபோது அவருக்கு வயது 13. காதலனை இழந்து, வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகி, தன்னை அடையத் துடித்தவனுக்கே சித்தியாகும் பெண்ணாக அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுமி நடித்தார். பாரதிராஜாவின் '16 வயதினிலே' அடுத்த ஆண்டு செப்டம்பரில் திரைக்கு வந்தது. மயிலுக்குக் கதையில் பதினாறு வயது. மயிலாக நடித்தவருக்குப் பதினான்கு நிறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. படப்பிடிப்பு அதற்கும் முன்னால் முடிந்துவிட்டது. அந்த நடிப்பை நாம் கொண்டாடியது சரியே. ஆனால் அந்த வயதில் அந்த வேடம் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றும் நாம் கேட்பதில்லை.

இதே ஆண்டுகளில் சிவகாசி வட்டாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? விடிவதற்கு முன்பே கிராமங்களுக்குக் கம்பெனி வண்டி வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். வரிவரியாகப் பள்ளமிட்ட கட்டையில் தீக்குச்சிகளை ஒன்றொன்றாக அடுக்க வேண்டும். அடுக்கி முடித்த கட்டைகளின் எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. பிஞ்சு விரல்களுக்கு வேகம் அதிகம் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய காமராஜர் பிறந்த மாவட்டத்தில்தான் இதுவும் நடந்தது. சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990-ல் இதை உலகத்தின் கண்முன் வைத்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தைகளை வேலைக்கு வைத்த முதலாளிகள் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்றது. சிவகாசிக் குழந்தைகளுக்காகப் போடப்பட்ட வழக்கு நாடு முழுவதற்குமான வழிகாட்டியானது. இன்று பட்டாசு ஆலை வாசல்களில் குழந்தைத் தொழிலாளர் இங்கே இல்லை என்ற பலகையைப் பார்க்கிறோம். படப்பிடிப்புத் தள வாசலில், உள்ளே இத்தனை குழந்தைகள் இத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று சொல்லும் பலகை எதுவும் இல்லை.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கந்தகமும் வெடிமருந்தும் எங்கே, ஸ்டுடியோ எங்கே? வறுமையால் வேலைக்குப் போன பிள்ளை எங்கே, வழக்கறிஞர் வீட்டுப் பெண்ணான ஸ்ரீதேவி எங்கே? இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஆபத்தும் வலியும் ஒன்றல்ல. கிடைத்த பலனும் ஒன்றல்ல. கட்டை அடுக்கிய பிள்ளைகளின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் ஒரு குழந்தை தொழிலாளியா இல்லையா என்பதை ஆபத்தை மட்டும் வைத்து அளப்பது தவறு. அந்தக் குழந்தையின் பகல் பொழுது யார் கையில் இருக்கிறது? சம்பளம் யார் கைக்குப் போகிறது? இன்று வேண்டாம் என்று அது சொன்னால் கேட்க ஆள் உண்டா? பள்ளிக்கூடம் விட்டுப்போனால் யார் பொறுப்பு? இந்த நான்கு கேள்விகளுக்கும் தீப்பெட்டி ஆபீசில் கிடைக்கும் பதிலும் படப்பிடிப்புத் தளத்தில் கிடைக்கும் பதிலும் பல நேரம் ஒன்றாகவே இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஒப்பனையோடு காத்திருந்து, வசனம் தவறினால் மறுபடியும் மறுபடியும் அதே அழுகையை அழுது காட்டுவதும் வேலைதான். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பள்ளி வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர்கள். சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட அந்த பாய்ஸ் கம்பெனிகளின் மேல்தான் தமிழ் நடிப்புக்கலையே எழுந்து நின்றது. ஒரு வழக்கம் பழையது என்பதால் அது நியாயமாகிவிடாது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பழைய வழக்கம்தானே துணை நின்றது?

ஸ்ரீதேவியே குறைசொல்லவில்லையே என்பது அடுத்த மறுப்பு. பள்ளி வாழ்க்கையையும் கல்லூரி வாழ்க்கையையும் தவறவிட்டதை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குழந்தை நட்சத்திரமாக இருந்து இடைவெளியே இல்லாமல் கதாநாயகி ஆனதாகவும், எண்ணிப் பார்க்க நேரமே இருக்கவில்லை என்றும் சொன்னார். அதற்காக நன்றியும் சொன்னார். அவருடைய நன்றியை மதிக்க வேண்டும். அவருடைய பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் யாருக்கும் உரிமை இல்லை; காலம் அப்படி இருந்தது, சட்டமும் இல்லை. ஆனால் எண்ணிப் பார்க்க நேரமில்லாத பிள்ளைப் பருவம் என்பது சாதாரணமான சொல் அல்ல. வென்றவரின் மனநிறைவை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு முறையை எடைபோட முடியாது. அவரைப் போலவே நான்கைந்து வயதில் வந்து, குரல் உடைந்ததும் உயரம் கூடியதும் வாய்ப்பு நின்று, படிப்பும் இல்லாமல் கைவிடப்பட்ட குழந்தைகளிடம் நாம் பேட்டி எடுப்பதே இல்லை.

நான்கு வயதில் தொடங்கியிராவிட்டால் இப்படியொரு ஸ்ரீதேவி கிடைத்திருப்பாரா என்பதுதான் ரசிகர்களின் மனதில் உள்ள கேள்வி. அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. 'மூன்றாம் பிறை'யில் நினைவிழந்து குழந்தையாகிப் போன விஜியாக அவர் நடித்தது 1982-ல். தமிழக அரசின் சிறந்த நடிகை விருது அதற்குக் கிடைத்தது. வயதுவந்த ஒரு நடிகை தெரிந்தே செய்த வேலை அது. 1997-க்குப் பிறகு திரையைவிட்டு ஒதுங்கி, பதினைந்து ஆண்டுகள் கழித்து 2012-ல் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தோடு திரும்பினார். ஐம்பதை நெருங்கும் வயதில், இரண்டு பெண்களுக்குத் தாயாக, தானே முடிவெடுத்து வந்தார். 'மாம்' படத்துக்கான தேசிய விருது அவர் இறந்த பிறகு வந்தது. பதினைந்து ஆண்டு இடைவெளியில் மங்காத திறமை, பள்ளிக்கூடத்தில் பத்து ஆண்டு இருந்திருந்தால் மங்கிப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அமெரிக்கா இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்தது. சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தான் சம்பாதித்தது கரைந்துபோனதை வளர்ந்த பிறகு அறிந்து தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கச் சட்டம் வந்தது. மூன்று வயதில் நடிக்க வந்த ஷெர்லி டெம்பிள் 1930-களில் அந்த நாட்டின் செல்லப் பிள்ளை. அவருடைய வயதைக் குறைத்துக் காட்ட ஸ்டுடியோ அவரது பிறப்புச் சான்றிதழையே மாற்றியது. தான் ஈட்டியதில் பெரும்பகுதி மிஞ்சவில்லை என்பது வளர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. குழந்தை நட்சத்திரத்தின் பணத்தையும் நேரத்தையும் காக்கப் பெற்றோரின் பாசம் மட்டும் போதாது என்று சட்டமியற்ற வைத்த ஊர் ஹாலிவுட்.

நம் நாட்டில் 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்ட யாரையும் எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குடும்பத் தொழிலுக்கும் கலைஞராக நடிப்பதற்கும் விலக்கு அளித்தது. சர்க்கஸுக்கு மட்டும் விலக்கு இல்லை. 2017-ல் வந்த விதிகள் உண்மையில் நல்லவை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களைத் தாண்டக் கூடாது. கலெக்டரின் அனுமதி வேண்டும், குழந்தையின் சம்மதம் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். இவை எங்கே எப்படி நடைமுறையில் இருக்கின்றன என்று பொதுமக்களுக்குத் தெரிய வழியே இல்லை. பட்டாசு ஆலையில் ஒரு குழந்தை இருக்கிறதென்றால் தகவல் சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது இருப்பார்கள். தொலைக்காட்சிப் போட்டியில் நள்ளிரவுவரை மேடையில் நிற்கும் குழந்தைக்கு நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். எல்லாத் தயாரிப்பு நிறுவனங்களும் கலெக்டரிடம் பெற்ற அனுமதியை மாவட்ட நிர்வாகம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வைப்பு நிதியின் ரசீதைக் காட்டிய பிறகே படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் என்று ஆக்க வேண்டும். வீட்டு வரவேற்பறையிலேயே செல்போன் வைத்து எடுக்கப்பட்டுப் பணம் ஈட்டித் தரும் குழந்தைகளின் வீடியோக்களும் இந்த விதிகளுக்குள் தெளிவாக வர வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை வயது வரம்பில் இருக்கிறது. கலெக்டர் அனுமதியும் 20 சதவீதச் சேமிப்பும் 14 வயது நிறையாதவர்களுக்கு மட்டுமே. பதினான்கு நிறைந்த மறுநாளே ஒரு சிறுமி இந்தக் காப்புகளுக்கு வெளியே வந்துவிடுகிறாள். கதாநாயகி வேடமும் காதல் காட்சியும் தேடிவருவது அந்த வயதில்தான். '16 வயதினிலே' இன்றைக்கு எடுக்கப்பட்டு, மயிலாக நடிப்பவருக்குப் பதினான்கு வயது ஒரு மாதம் என்றால், அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட அவர் பெயரில் போட்டு வைக்கும்படி இந்த விதிகள் யாரையும் கட்டாயப்படுத்தாது. இந்த வரம்பை 18 ஆக உயர்த்தும்படி தமிழக அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். சிவகாசிக் குழந்தைகளுக்காக டெல்லியில் நடந்த ஒரு வழக்கு நாட்டின் சட்டத்தையே அசைத்திருக்கிறது. இந்தக் கோரிக்கை சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலிருந்தே எழட்டும்.