திறக்கப்படாத பெட்டி

இந்த வாரம் ஒரு பிளாஸ்டிக் காரைப் பற்றி எழுதுவதைக் கண்டு வியப்படையாதீர்கள். பழைய அமெரிக்கக் கார்களின் சிறு மாதிரிகளைப் பாகம் பாகமாகப் பொருத்தி உருவாக்குவது, அந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக வேரூன்றிய பொழுதுபோக்கு. விளையாட்டுப் பொருள்தானே என்று நாம் கடந்துபோய்விடலாம். ஆனால் அதை நேசிப்பவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. அது நம்மில் அநேகருக்கும் உரிய பழக்கம் என்பதால் அதைப் பற்றி என் கருத்தை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் காரை அறிந்துகொள்ளுங்கள். 1964-ஆம் ஆண்டு மாடலாக, பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் வரிசைக் காரில் 389 கன அங்குலக் கொள்ளளவுள்ள பெரிய இன்ஜினைப் பொருத்தி, ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிதல்லாத உடலுக்குள் மிகப் பெரிய இன்ஜின். விலையோ இளைஞர்களுக்கும் எட்டக்கூடியது. இத்தகைய கார்களுக்கே ‘மசில் கார்’ என்ற பெயர் நிலைத்தது. மற்ற நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. 1968-இல் வந்த டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி, 440 கன அங்குல இன்ஜினுடன் 375 குதிரைத்திறன் கொண்டிருந்தது. கூடுதலாகப் பணம் செலுத்தியவர்களுக்கு 425 குதிரைத்திறன் கொண்ட ‘ஹெமி’ இன்ஜின் கிடைத்தது. ஆனால் அந்தக் காலம் நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, 1970-இல் காற்று மாசைத் தடுக்கும் சட்டம் கடுமையாக்கப்பட்டது, 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பத்தாண்டுகளுக்குள் அந்தக் கார்களின் வீறு அடங்கிப்போயிற்று.

உண்மையான சார்ஜர் ஏறக்குறைய ஐந்தேகால் மீட்டர் நீளமுள்ளது. அமெரிக்க மாதிரி கார்களில் வழக்கமான அளவு இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த அளவில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கி உங்கள் உள்ளங்கைகளில் அடங்கிவிடுகிறது. பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏறத்தாழ நூறு பாகங்களைக் காண்பீர்கள். குரோம் பூசிய பம்பர், தெளிந்த முன்கண்ணாடி, ரப்பர் போன்ற டயர்கள், இரண்டு பாதிகளாகப் பிளந்து கிடக்கும் இன்ஜின் ஆகியவை அவற்றுள் சில. கார் விற்பனையாளர்களுக்காகப் புதிய கார்களின் சிறு மாதிரிகளைச் செய்துகொடுத்துவந்த ஏ.எம்.டி. நிறுவனம், 1958-இல் ‘ஒன்றில் மூன்று’ என்ற வகைப் பெட்டிகளை வெளியிட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோலவும் அந்தக் காரை உருவாக்கலாம். விருப்பப்படி மாற்றியமைத்தும் உருவாக்கலாம். பந்தயக் காராகவும் உருவாக்கலாம். மூன்றுக்கும் வேண்டிய பாகங்கள் ஒரே பெட்டியில் இருந்தன.

இனி நான் சொன்ன விசித்திரமான பழக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர், உருவாக்கும் கார்களைவிட வாங்கிவைக்கும் பெட்டிகளே அதிகம். ஒன்றை முடிப்பதற்குள் பத்து வாங்கிவிடுகிறார்கள். அலமாரி நிறைகிறது, கட்டிலின் அடி நிறைகிறது, பெட்டியின்மேல் சுற்றிய மெல்லிய உறைகூடக் கிழிக்கப்படாமல் ஆண்டுகள் ஓடுகின்றன. மீதமிருக்கும் ஆயுளில் உருவாக்கி முடிக்க இயலாத அளவுக்குச் சேர்த்துவிட்டோம் என்று அவர்களே தங்களைக் கேலிசெய்துகொள்வதும் உண்டு. அந்தக் கேலிக்குள் ஒரு துயரம் ஒளிந்திருக்கிறது. அவர்கள் மறைந்தபின், அந்தப் பெட்டிகள் என்னவென்றே அறியாத ஒருவர் அவற்றை மொத்தமாக விலைபேசி அனுப்பிவிடுகிறார்.

ஏன் திறப்பதில்லை? விலை ஏறும் என்று சிலர் சொல்வார்கள். இது உறுதியான காரணமன்று. இந்தப் பாகங்களை வார்த்தெடுக்கும் எஃகு அச்சுகள் எளிதில் அழிவதில்லை. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த அச்சை நிறுவனங்கள் வெளியே எடுத்து மறுபடியும் வார்க்கின்றன. அரிய பொருள் என்று நீங்கள் பூட்டிவைத்த பெட்டி, அடுத்த ஆண்டு புதிய அட்டையோடு கடையில் சாதாரண விலைக்கு வந்து நிற்கக்கூடும்.

உண்மையான காரணம் பயம் என்றே நான் கருதுகிறேன். மூடிய பெட்டிக்குள் இருக்கும் கார் குறையற்றது. அதன் பெயின்டில் தூசி படிந்ததில்லை. அதன் கண்ணாடியில் பசை வழிந்ததில்லை. அதற்குள் மூன்று கார்கள் உயிரோடு இருக்கின்றன. முதல் பாகத்தை வெட்டியெடுத்த கணமே அந்த மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறோம். மற்ற இரண்டையும் இழக்கிறோம். தெரிந்துகொண்ட அந்த ஒன்றும் நம் கைத்திறனின் அளவுக்கே அமையும். மனக்கண்ணில் மின்னுகிற காருக்கும் கைகள் உருவாக்கும் காருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காண நமக்குத் துணிவில்லை. ஆகையால் பெட்டியைத் திறக்காமல் இன்னொரு பெட்டியை வாங்குகிறோம்.

என் கருத்து இதுதான்: உருவாக்கி முடிக்கப்பட்ட குறையுள்ள கார், பெட்டிக்குள் கிடக்கும் குறையற்ற காரைவிட மேலானது.

இதற்கு நல்ல சாட்சி அந்த உண்மையான கார்களே. 1968-இல் அசெம்பிளி வரிசையிலிருந்து இறங்கிய கார்கள் இன்று நாம் கற்பனைசெய்வதுபோல் மாசற்றவையாக இருக்கவில்லை. கதவின் இடுக்கு ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கும். பெயின்ட் ஆரஞ்சுத் தோலைப்போல் சொரசொரப்பாக இருக்கும். அடிப்பகுதியில் உடலின் வண்ணம் சிதறிப் படிந்திருக்கும். சோதனையிட்ட தொழிலாளி மெழுகுக்கட்டியால் இட்ட குறி அப்படியே விடப்பட்டிருக்கும். இன்று அந்தக் கார்களைப் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கும் வல்லுநர்கள் அந்தச் சிதறலையும் அந்தக் கிறுக்கலையும் கவனமாகத் திரும்ப உண்டாக்குகிறார்கள். அவை இல்லாவிட்டால் கார் உண்மையானதாகத் தோன்றாதாம்! நாம் போற்றுகிற கார்களே குறைகளோடு பிறந்து, குறைகளோடு சாலையில் ஓடியவை.

அப்படியானால் அக்கறையின்றிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவசரம் வேறு, துணிவு வேறு. நல்ல கைவினைஞர் பாகத்தைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்ப்பதில்லை. கூரிய கட்டரால் வெட்டி, தழும்பை உப்புத்தாளால் தேய்க்கிறார். பசையிடுவதற்கு முன் பாகத்தை வெறுமனே பொருத்திப் பார்க்கிறார். குரோம் பூச்சின்மேல் பசை சரியாகப் பிடிக்காது என்பதால், ஒட்டும் இடத்தில் மட்டும் அந்தப் பூச்சைச் சுரண்டிவிடுகிறார். முதலில் பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்டைத் தடிப்பாக அடிக்காமல் மெல்லிய படலங்களாக அடிக்கிறார். தொட்டால் ஒட்டாத பெயின்ட் உள்ளே இன்னும் இளகியிருக்கலாம் என்று அறிந்து, நாட்கணக்கில் காத்திருக்கிறார். இன்ஜினின் எட்டு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் மெல்லிய ஒயர் இழுப்பவர்கள், 1-8-4-3-6-5-7-2 என்ற உண்மையான எரியூட்டு வரிசையின்படியே இழுப்பதுண்டு. பானெட்டை மூடியபின் அதை யாரும் காணப்போவதில்லை. இவை யாவும் கையிலிருக்கும் பாகத்தின்மீது காட்டும் அக்கறை. முழுக் காரையும் நினைத்து நடுங்குவது அக்கறையாகாது. அக்கறை கையை அசையவைக்கும். பயம் கையைக் கட்டிப்போடும்.

அதிலும் பெரும்பாலான பிழைகளுக்குப் பரிகாரம் உண்டு. காய்ந்த பெயின்டில் விரல்ரேகை பதிந்தால், மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து மெருகேற்றலாம். பெயின்ட் முழுவதும் கெட்டுப்போனால், அதற்குரிய திரவத்தில் ஊறவைத்து நீக்கிவிட்டு மறுபடியும் தொடங்கலாம். பள்ளம் விழுந்த இடத்தைப் பட்டியால் நிரப்பலாம். திரும்பப் பெற முடியாதவை சில உண்டு. பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் பசை இரண்டு பாகங்களை ஒன்றாக்கிவிடும். அதன்பின் பிரிக்க முற்பட்டால் உடையும். ஆனால் எல்லாவற்றிலும் திரும்பப் பெற முடியாதது, திறக்காமலே கழிந்த ஆண்டு.

பெற்றோராகிய உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மேசையில் அமர்ந்து ஒரு பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் மகனோ மகளோ அருகில் வந்து, “நான் ஒட்டட்டுமா அப்பா?” என்று கேட்பார்கள். பசை வழியும், டயர் சாயும் என்று எண்ணி, “நீ பார்த்துக்கொண்டிரு” என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை பிறகு எழுந்து போய்விடும். அடுத்த முறை கேட்கவும் வராது. குறையற்ற ஒரு பானெட் உங்களுக்குக் கிடைக்கும்; அதற்கு நீங்கள் கொடுத்த விலை பெரிது. பிள்ளையின் விரல்ரேகை அந்தப் பெயின்டில் பதிந்தால், அந்த ஒரு குறையை மட்டும் உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். பத்து ஆண்டுகளுக்குப்பின் அந்தக் காரில் நீங்கள் தேடிப் பார்க்கும் இடம் அதுவாகவே இருக்கும்.

பிரியமானவர்களே, உங்கள் அலமாரியில் மாதிரி கார் இல்லாமலிருக்கலாம். திறக்கப்படாத பெட்டி ஒன்று நிச்சயம் உண்டு. சரியான சொற்கள் கிடைக்கட்டும் என்று எழுதாமல் வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதம் அதுவாயிருக்கலாம். குரல் இன்னும் பண்படட்டும் என்று சொல்லிப் பாடாமலே இருக்கும் பாடலாயிருக்கலாம். வீடு ஒழுங்காகட்டும் என்று தள்ளிப்போடும் விருந்தாயிருக்கலாம். அவை மூடியிருக்கும்வரை குறையற்றவை. ஆனால் மூடிய கடிதம் ஒருவரையும் ஒப்புரவாக்கியதில்லை. சமைக்காத விருந்து ஒருவர் பசியையும் ஆற்றியதில்லை.

ஆகையால் இன்னொரு பெட்டியை வாங்குவதற்குமுன், இருப்பவற்றில் ஒன்றைக் கீழே இறக்குங்கள். உறையைக் கிழியுங்கள். மூன்று கார்களில் எது என்று நெடுநேரம் ஆராயாமல் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினின் இரண்டு பாதிகளையும் வெட்டியெடுத்து, தழும்பைத் தேய்த்து, பொருத்திப் பார்த்து, பசையிட்டுச் சேர்த்துப் பிடியுங்கள். முதல் நாளுக்கு அந்த வேலை போதும். அது காயும்வரை அமர்ந்திருங்கள். அருகில் பிள்ளை இருந்தால், மற்றப் பாகத்தை அதன் கையில் கொடுங்கள்.