கொற்கைக் கரை மக்களின் கோரிக்கைச் சாசனம்: ஹெப்படைடிஸ் சி சிகிச்சைக்குக் காத்திருப்பு வேண்டாம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, தூத்துக்குடி மாவட்ட நிர்வாகம்

முகவுரை

ஹெப்படைடிஸ் சி ரத்தத்தின் வழியே பரவும் வைரஸ். அதற்குத் தடுப்பூசி கிடையாது. தொற்றிய முதல் ஆறு மாதங்களில் பெரும்பாலோருக்கு மஞ்சள் காமாலைகூடத் தெரியாது. ஏறத்தாழ பத்தில் மூவருக்கு மருந்தில்லாமலே வைரஸ் நீங்கிவிடும். அதனால்தான் 'சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம்' என்பது வழக்கமாக இருந்தது. மாதக்கணக்கில் ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு என்றிருந்த இன்டர்ஃபெரான் காலத்தில் அது நியாயம். இன்றோ 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்குமேல் குணமாகிறார்கள். அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கங்களும் புதுத்தொற்றுக்குத் தாமதமின்றிச் சிகிச்சை தரச் சொல்கின்றன. இந்தியாவில் 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பொறுத்திருந்து பார்ப்பது, தவறாமல் திரும்பி வரக்கூடியவருக்கே பொருந்தும். தருவைக்குளத்திலிருந்து தங்குகடலுக்குப் போகிறவருக்கும், உப்பளத்தில் நாள்கூலிக்கு நிற்கிறவருக்கும், துறைமுகத்தில் ஒப்பந்தத்தில் சுமை ஏற்றுகிறவருக்கும் மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலியில்லாத நாள். இடைப்பட்ட மாதங்களில் அவரிடமிருந்து பிறருக்கும் தொற்றலாம். திரும்பி வராமலே போனால், கல்லீரல் சுருங்கி வயிறு வீங்கிய பிறகுதான் நோய் வெளியே தெரியும்.

ஆகவே கோருகிறோம்:

1. ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் உறுதியானால், ஆறு மாதம் முடியக் காத்திராமல் சிகிச்சை தொடங்க வேண்டும். கர்ப்பம் போன்ற நிலைகளில் மட்டும் மருத்துவர் தனியே முடிவெடுக்கலாம்.

2. விவரம் அறிந்தபின் பொறுத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு அந்த உரிமை உண்டு. அவருக்கு மறுபரிசோதனைத் தேதியை எழுதிக் கொடுத்து, வராவிட்டால் தேடிச் செல்ல வேண்டும்.

3. தொற்றியபின் ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாக இரண்டு, மூன்று மாதமாகலாம். ஊசி குத்துப்பட்ட செவிலியர், தூய்மைப் பணியாளர், டயாலிசிஸ் நோயாளி ஆகியோருக்கு ஆன்டிபாடி 'இல்லை' என்றாலும் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும்.

4. காசநோய்ப் பிரிவுகளில் உள்ள ட்ரூநாட் கருவிகளை ஹெப்படைடிஸ் சி ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கும் பயன்படுத்தி, ஏரல், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் வட்டங்களிலேயே முடிவு தர வேண்டும்.

5. மாத்திரை தொடங்குமுன் ஹெப்படைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். அடங்கியிருக்கும் பி வைரஸ் இச்சிகிச்சையின்போது மீண்டும் தலைதூக்கலாம். இம்மாத்திரையுடன் ஒத்துப்போகாத ரிஃபாம்பிசினைக் காசநோய்க்குச் சாப்பிடுகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

6. கடலுக்குப் போகிறவருக்குப் பயண நாள்களுக்குப் போதுமான மாத்திரையை முன்கூட்டியே தர வேண்டும்.

7. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் ஊர்களிலும், வேலை நிற்கும் மழைமாதங்களில் உப்பளப் பகுதிகளிலும் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும்.

8. சிகிச்சை முடிந்த 12-ஆம் வாரத்தில் ஆர்.என்.ஏ. பார்த்துக் குணமானதை எழுத்தில் தர வேண்டும். குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம் என்பதைச் சொல்லியனுப்ப வேண்டும்.

9. நோயாளியின் பெயர் முதலாளிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ போகக் கூடாது. தொற்றைக் காட்டி வேலை மறுப்பதைத் தடைசெய்ய வேண்டும்.

பஞ்சாப் 2016-இலேயே மாவட்ட மருத்துவமனைகள் வழியாக இலவசச் சிகிச்சையைப் பரவலாக்கிக் காட்டியது. அது இங்கும் முடியும். வரும் ஜூலை 28, உலக ஹெப்படைடிஸ் நாளுக்குள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பு அதிகாரி யார், செய்து முடிக்கும் தேதி எது என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
கொற்கைக் கரையில் உழைத்து வாழும் மக்கள்