பள்ளிக்கூட கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

காலை மணி ஒன்பதேகால். கடைசி வேன் வந்து நின்று பிள்ளைகளை இறக்கி விட்டுப் போகிறது. பிந்தி வந்த ஒரு தாயார், மகனின் தோளில் புத்தகப் பையை மாட்டி உள்ளே அனுப்புகிறார். காவல்காரர் பெரிய இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்துகிறார். சங்கிலி. பூட்டு. சாவி அவருடைய சட்டைப் பையில்.

இனி மாலை பள்ளி விடும் வரை அந்தக் கேட் திறக்காது. தாயாருக்கு நிம்மதி. வீட்டு வேலையைப் பார்க்கப் புறப்படுகிறார்.

ஊருக்கு ஊர் தனியார் பள்ளிகளில் தினமும் நடப்பது இதுதான். உயரமான மதில், இரவு பகல் காவல், மூலைக்கு மூலை காமிரா என்று விளம்பர நோட்டீசிலேயே பெருமையாக அச்சடிக்கிறார்கள். பெற்றோரும் அதைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். தப்பு இல்லை. காலம் அப்படி இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. பதினொரு மணிக்கு மாடியில் புகை கிளம்புகிறது; அந்த நேரம் பார்த்துக் காவல்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது?

"அப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது.

இன்னும் இருபது நிமிஷம்!

1958-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, திங்கட்கிழமை. அமெரிக்காவில் சிகாகோ நகரம். கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய தேவதைகளின் அன்னை பள்ளியில் சுமார் 1,600 பிள்ளைகள் படித்தார்கள். மாலை 3 மணிக்குப் பள்ளி விடும். 2 மணி 40 நிமிஷம் அளவில் எல்லாருடைய கண்ணும் கடிகாரத்தின் மேல். இன்னும் இருபது நிமிஷம் போயிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மாடிப்படியின் அடியில் ஒரு குப்பைத் தொட்டி. அதிலிருந்த காகிதத்தில் நெருப்பு பிடித்தது. மாடிப்படி மரத்தால் ஆனது. கீழ்த் தளத்தில் படிக்கட்டை மறிக்கக் கதவு இருந்தது. மேல் தளத்தில் இல்லை. புகைபோக்கியில் ஏறுவது போலப் புகை நேரே மேல் தளத்துக்கு ஏறியது. கீழே இருந்தவர்கள் தப்பினார்கள். மேலே இருந்தவர்கள் வகுப்புக் கதவைத் திறந்தபோது தாழ்வாரம் முழுவதும் கரும்புகை.

ஜன்னல்தான் ஒரே வழி. தரை சுமார் 25 அடி கீழே. ஜன்னலின் அடிக்கட்டை மூன்று அடி உயரம். சின்னப் பிள்ளைகளால் ஏறக்கூட முடியவில்லை.

தீயணைக்கும் படை விரைந்து வந்தது. வந்த இடம் வேறு! போனில் சொன்ன விலாசம் பக்கத்துத் தெருவில் இருந்த பாதிரியார் வீட்டு விலாசம். அங்கிருந்து பள்ளிக்கு ஓடி வந்தார்கள். கட்டடத்தின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே ஒரு முற்றம். அந்த முற்றத்தின் மேலிருந்த ஜன்னல்களில்தான் பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தை மறித்து ஓர் இரும்புக் கேட் நின்றது. அது பூட்டியிருந்தது.

சம்மட்டியால் அடித்தார்கள். ஏணியைக் கொண்டு இடித்தார்கள். கேட் உடைந்தது. ஆனால் அதற்குள் போன நிமிஷங்கள் திரும்பி வரவில்லை. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் மாண்டார்கள்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே ஆண்டு அக்டோபரில்தான் அந்தப் பள்ளியை அதிகாரிகள் சோதனை போட்டிருந்தார்கள். சோதனையில் பள்ளி தேறிவிட்டது! பொய் சர்டிபிகேட் இல்லை. லஞ்சமும் இல்லை. 1949-ல் நகரசபை போட்ட புதிய கட்டட விதி புதுக் கட்டடங்களுக்கு மட்டும்தான். பழைய கட்டடங்களுக்கு விலக்கு. நெருப்புக்குப் புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்ற பேதம் தெரியுமா? தீயணைக்கும் கருவிகளும் இருந்தன. சுவரில் ஏழு அடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள்.

காசிராமன் தெரு

அந்தச் செய்தியைச் சிகாகோவோடு விட்டுவிட முடியவில்லை. 46 ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலை 16-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை, கும்பகோணம் காசிராமன் தெருவில் அதே கதை திரும்ப நடந்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மேல் மாடிக்குக் கூரை, கீற்று. கீழே சத்துணவு சமைக்கும் அடுப்பு. அந்த அடுப்பங்கரையில் பிடித்த நெருப்பு கீற்றுக்குத் தாவியது. எரியும் கூரை, பிள்ளைகளின் தலைமேலேயே இடிந்து விழுந்தது. ஏறவும் இறங்கவும் ஒரே குறுகிய மாடிப்படி.

94 பிள்ளைகள் இறந்தார்கள்.

அதன் பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்தெறியச் சர்க்கார் உத்தரவிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. வழக்கில் 2014 ஜூலை 30-ந் தேதிதான் தஞ்சாவூர் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பத்து ஆண்டுகள்! பத்துப் பேருக்குத் தண்டனை, பதினோரு பேர் விடுதலை. தண்டனை பெற்றவர்களில் பள்ளியை நடத்தியவர்கள் மட்டுமல்ல, கல்வித்துறையில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். 2017-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை அப்பீலில் தண்டனையைக் குறைத்தது, சிலரை விடுவித்தது. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட்டு முடிவு செய்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடக்க அனுமதி எப்படிக் கிடைத்தது என்று இன்றும் கும்பகோணத்தார் கேட்கத்தான் செய்கிறார்கள்.

கும்பகோணத்துக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்கு வந்தது. 2009 ஏப்ரல் 13-ந் தேதி அதில் தீர்ப்பு. படிக்கும் உரிமை என்றால் பத்திரமான பள்ளியில் படிக்கும் உரிமை என்றே பொருள் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைக்கும் கருவி வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி வேண்டும், கட்டடங்களைச் சோதிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

நாலு காகிதம்

இன்று தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் நாலு காகிதம் முக்கியம். கட்டடம் உறுதியானது என்று பொறியாளர் தரும் சான்று. 1965-ம் ஆண்டுச் சட்டப்படி பொதுக் கட்டட லைசென்ஸ். சுகாதாரச் சான்று. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. நாலும் நல்ல காகிதங்கள். அவற்றைக் கேட்பது சர்க்காரின் கடமை. கொடுப்பது நிர்வாகியின் கடமை.

ஆனால் காகிதம் ஒரு நாளைச் சொல்கிறது. பிள்ளைகள் வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்த நாளில் இரண்டாவது மாடிப்படி காலியாகத்தான் இருந்திருக்கும். அடுத்த மாதம் அதன் அடியில் உடைந்த பெஞ்சுகள் ஏறிவிடும். தேர்வுத் தாள் மூட்டைகள் வரும். விளையாட்டுச் சாமான்கள் வரும். பிறகு, சாமான் திருடு போகிறதே என்று ஒரு மடக்கு கிரில் கேட் மாட்டுவார்கள். அதற்கு ஒரு பூட்டு. எல்லாம் நல்ல எண்ணத்தில்தான்! இரண்டு படி உள்ள பள்ளி, காகிதத்தில் இரண்டு படியோடும் நடைமுறையில் ஒரே படியோடும் நடக்கும். சிவப்புச் சிலிண்டரைப் பையன்கள் தொடுகிறார்கள் என்று ஆபீஸ் அறைக்குள் வைத்துப் பூட்டுகிற இடங்களும் உண்டு.

மதில் ஏன் உயர்ந்தது?

நிர்வாகிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பூட்டு போடச் சொன்னது யார்?

2017 செப்டம்பரில் ஹரியாணா மாநிலம் குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிவறையில் ஏழு வயதுச் சிறுவன் கொலை செய்யப்பட்டான். நாடே பதறியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சில நாட்களிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. காமிரா வை, வெளி ஆட்களைக் கட்டுப்படுத்து, ஊழியர்களைப் போலீஸ் மூலம் விசாரி என்றது. அவசியமான உத்தரவுகள்தான். நாடு முழுவதும் பெற்றோர் கேட்டதும் இதையேதான்.

அந்த வழக்கில் போலீசார் முதலில் பிடித்தது ஒரு பஸ் கண்டக்டரை. பிறகு சி.பி.ஐ. விசாரித்து, அதே பள்ளியில் படித்த மூத்த மாணவன் ஒருவனைக் கைது செய்தது. மதிலை எவ்வளவு உயர்த்தினாலும், உள்ளே இருப்பவர்களை அது தடுக்காது.

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலோர் முகம் தெரியாத ஆட்கள் அல்ல. பிள்ளைக்குப் பழகிய முகங்கள். அதனால்தான் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் பூட்டைப் பற்றிப் பேசவில்லை. வாயைத் திறக்கச் சொல்கிறது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை சிறை. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பது இனிச் சமாதானம் அல்ல, குற்றம்.

நெருப்பும் இதுவும் வேறு வேறு விஷயம் போலத் தோன்றும். உண்மையில் இரண்டிலும் பிள்ளைக்குத் தேவை ஒன்றே: வெளியே வர ஒரு வழி. புகை சூழ்ந்தால் உடம்பு வெளியே வரவேண்டும். தீங்கு நேர்ந்தால் பேச்சு வெளியே வரவேண்டும். 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவிட்டு, பேச வந்த பிள்ளையை "அதிகப்பிரசங்கி" என்று அதட்டினால் அந்தக் கதவும் பூட்டிய கதவுதான்.

உள்ளே இருந்து தள்ளினால் போதும்

அப்படியானால் கேட்டைத் திறந்து போட்டுவிடலாமா? வேண்டவே வேண்டாம். வெளியே இருப்பவனுக்குப் பூட்டிய கதவாகவும், உள்ளே இருப்பவனுக்குத் திறந்த கதவாகவும் ஒரே கதவு இருக்க முடியும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல.

1883-ல் இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா மண்டபத்தில் குழந்தைகளுக்கு ஒரு மாயாஜாலக் காட்சி நடந்தது. முடிவில் பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மாடியில் இருந்த பிள்ளைகள் படியிறங்கி ஓடினார்கள். கீழே உள்பக்கமாகத் திறக்கும் கதவு. ஒவ்வொரு பிள்ளையாக நுழையும் அளவு மட்டும் திறந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். நெருப்பு இல்லை, புகை இல்லை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து 183 பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கதவின் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு பொருத்தும் வழி வந்தது. வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே இருந்து ஒரு குழந்தை தண்டின் மேல் சாய்ந்தால் போதும், கதவு திறந்துகொள்ளும். சினிமாக் கொட்டகைகளிலும் பெரிய கடைகளிலும் இன்று அதைப் பார்க்கலாம். சினிமா பார்ப்பவர்களுக்கு இருக்கும் வசதி பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் கூடாது?

இந்தியாவின் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சுருட்டும் கதவும், பக்கவாட்டில் தள்ளும் கதவும் அந்த வழியில் கூடாது. பள்ளி மாடிப்படிக்கு ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும்.

ஆண்டு விழாவையும் மறந்துவிடக் கூடாது. 1995 டிசம்பர் 23-ந் தேதி ஹரியாணாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா, பள்ளியில் அல்ல, கல்யாண மண்டபத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. பந்தல் பற்றி எரிந்தது. வெளியேற ஒரே வாசல். 442 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். பள்ளிக் கட்டடத்துக்கு நாலு காகிதமும் இருந்து என்ன பயன்? பிள்ளைகள் அன்று அந்தக் கட்டடத்தில் இல்லையே!

பெற்றோர் கேட்க வேண்டியது

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு ஐந்து நிமிஷம் மிஞ்சும். சர்டிபிகேட்டைக் காட்டுங்கள் என்று கேட்கலாம், காட்டுவார்கள். அதைவிட, இரண்டாவது மாடிப்படி வழியாக ஒரு முறை இறங்கிப் பார்ப்பது மேல். நடுவில் பூட்டு எதிர்ப்பட்டால், சாவி யாரிடம் என்று அங்கேயே நின்று கேட்கலாம். சிலிண்டரின் முள் பச்சைக் கட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்கப் படிப்பு வேண்டாம், கண் போதும்.

கடைசியாக எப்போது ஒத்திகை நடத்தினீர்கள் என்றும் கேட்க வேண்டும். பதில் தலைமை ஆசிரியரிடமிருந்து வரட்டும். ஆனால் சரி பார்ப்பது வீட்டில். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், "மணி விடாமல் அடித்தால் எந்தப் படி வழியாக இறங்குவாய், எங்கே போய் நிற்பாய்?" என்று கேட்டால் உடனே சொல்ல வேண்டும். யோசித்தால், ஒத்திகை காகிதத்தில் நடந்திருக்கிறது.

முன்கூட்டித் தேதி சொல்லி, எல்லாக் கதவையும் திறந்து வைத்து நடத்தும் ஒத்திகையால் லாபம் குறைவு. ஒரு படியை அடைத்துவிட்டு, "இந்த வழியில் நெருப்பு" என்று பலகை மாட்டி நடத்திப் பார்க்க வேண்டும். ஆயாவும், சமையல் ஆளும், வேன் டிரைவரும் அதில் இருக்க வேண்டும். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கி வருவது யார் என்பது பெயர் சொல்லி முடிவாகியிருக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் அந்தக் காவல்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல பள்ளிகளில் அவர் கான்டிராக்ட் ஆள். போன மாதம் நின்றவர் இந்த மாதம் இல்லை. மணி அடித்ததும் முதல் வேலையாக அவர் கை எந்தச் சாவியைத் தேடுகிறது, தேடிய சாவி எத்தனை விநாடியில் கிடைக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம்.